ஆபரேஷனுக்குப் பிறகு ஏறிய 15 கிலோ

வாசகர் கேள்வி:

எனக்கு 44 வயது. திண்டுக்கல் பக்கம் ஒரு பள்ளியில் டீச்சர். 2020 ஜனவரியில் எடை குறைய ஸ்லீவ் ஆபரேஷன் செய்துகொண்டேன். அப்போது 114 கிலோ, உயரம் 158 செ.மீ. ஒன்றரை வருடத்தில் 76 கிலோவுக்கு வந்தேன். இரண்டு வேளை போட்டுக்கொண்டிருந்த இன்சுலின் நின்றது. 2022 கடைசியில் அம்மா தவறிவிட்டார். அதன்பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஏறி இப்போது 91. சர்க்கரைக்கு மறுபடியும் மாத்திரை: மெட்ஃபார்மின், கிளிமிபிரைடு. நான் சாப்பிடுவதோ கொஞ்சம்தான். காலையில் இரண்டு இட்லி, பள்ளியில் டீயும் பிஸ்கட்டும், மதியம் குழைத்த சாம்பார் சாதம், சாயங்காலம் கொஞ்சம் மிக்சர், ராத்திரி பாலில் ரஸ்க். சப்பாத்தியும் கோழியும் நெஞ்சில் நிற்கின்றன. படுத்தால் புளித்து மேலே வருகிறது. இரண்டு தலையணை வைத்துத்தான் தூங்குகிறேன். தினமும் ஒரு கேஸ் மாத்திரை போடுகிறேன். கால் விரல்கள் மரத்துப்போகின்றன. மூன்று வருடமாக ஆபரேஷன் செய்த டாக்டரிடம் போகவில்லை. இந்த உடம்போடு அவர் முகத்தில் எப்படி முழிப்பது? வைட்டமின் மாத்திரையும் நின்றுபோனது. நகையை அடகு வைத்துச் செய்த ஆபரேஷன். "வயித்தையே வெட்டியும் நாக்கு அடங்கலையே" என்று ஒரு கல்யாண வீட்டில் எல்லோர் முன்னாலும் நாத்தனார் சொன்னார். உள்ளே போட்ட தையல் பிரிந்துவிட்டதா? மறுபடியும் ஆபரேஷன் செய்யலாமா? எடைக் குறைப்பு ஊசி போடலாமா? தெரிந்த மருந்துக்கடைக்காரர் வாங்கித் தருவதாகச் சொல்கிறார்.

- பெயர் வேண்டாம், ஒரு டீச்சர்

பதில்:

அன்புள்ள டீச்சருக்கு,

உங்கள் கடிதம் முழுக்க எடையைப் பற்றியது. கால் விரல் மரத்துப்போவது அதில் மூன்றே வார்த்தை. நான் அந்த மூன்று வார்த்தையிலிருந்துதான் தொடங்க வேண்டும். எடையை ஆறு மாதம், ஒரு வருடம் எடுத்துக்கொண்டு சரிசெய்யலாம். நரம்பு அவ்வளவு நாள் பொறுக்காது.

ஸ்லீவ் ஆபரேஷனில் இரைப்பையின் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிடுகிறோம். உணவிலுள்ள பி12 வைட்டமினைப் பிரித்தெடுக்க உதவும் அமிலமும், அதைக் கைப்பிடித்துச் சிறுகுடல் வரை கொண்டுபோய்ச் சேர்க்கும் ஒரு புரதமும் இரைப்பையில்தான் சுரக்கின்றன. வெட்டிய பகுதியோடு அந்தச் சுரப்பிலும் பெரும்பகுதி போய்விடுகிறது. ஈரலில் இருக்கும் சேமிப்பு சில வருடங்களுக்குத் தாங்கும் என்பதால் முதல் இரண்டு வருடம் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. உங்களுக்கு இப்போது ஆறு வருடம் ஆகிறது. அதற்குமேல் மெட்ஃபார்மினும் பி12-ஐக் குறைக்கும். புளிப்புக்காகத் தினமும் போடும் கேஸ் மாத்திரை இருக்கிற கொஞ்ச அமிலத்தையும் அடக்கிவிடும். கறியும் முட்டையும் அதிகம் சேராத சாப்பாடு வேறு. இத்தனையும் ஒரே ஆளிடம் சேர்ந்திருக்கும்போது விரல் மரத்தால் "சர்க்கரையால்தான் இருக்கும்" என்று விட்டுவிடக் கூடாது. சர்க்கரையாலும் இருக்கலாம்தான். ஆனால் பி12 குறைவு என்றால் ஊசியில் சரியாகும். காலம் கடந்தால் நடை தள்ளாடும், ஞாபகம் குறையும், அப்புறம் ஊசி போட்டாலும் முழுசாகத் திரும்பாமல் போகலாம்.

ஆகவே இந்த வாரமே ரத்தம் கொடுங்கள். பி12, ஹீமோகுளோபின், இரும்புச்சத்துச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின், ஃபோலிக் அமிலம், வைட்டமின் டி, கால்சியம், ரத்தப் புரதமான அல்புமின், தைராய்டு, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின், மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி. ஹீமோகுளோபின் நன்றாக இருந்தால் பி12-உம் நன்றாக இருக்கும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. இன்னொன்று: களைப்பாக இருக்கிறதென்று யாரோ சொல்லி ஃபோலிக் அமில மாத்திரையை மட்டும் விழுங்க ஆரம்பிக்காதீர்கள். அது ரத்தத்தைச் சரிசெய்து பி12 குறைவை மறைத்துவிடும். நரம்பு கெடுவது மட்டும் தொடரும்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பல வருடங்களுக்கு முன் என்னிடம் ஆபரேஷன் செய்துகொண்ட ஒரு அம்மா மூன்றாவது வருட ரிவ்யூவுக்கு வந்தபோது ஒன்பது கிலோ ஏறியிருந்தார். "இவ்வளவு கஷ்டப்பட்டுச் செய்ததை வீணாக்கிட்டீங்களே" என்று சொன்னேன். அக்கறையில் சொன்னதாகத்தான் அப்போது எனக்கு நினைப்பு. அவர் தலையைக் குனிந்துகொண்டு போனார். திரும்பி வந்தது இரண்டு வருடம் கழித்து, மகனின் தோளைப் பிடித்துக்கொண்டு. கண்ணை மூடினால் நிற்க முடியவில்லை. பி12 அடிமட்டத்தில் இருந்தது. ஆறு மாதம் ஊசி போட்டும் பாதத்தில் பழைய உணர்வு முழுதாக வரவில்லை. அந்த ஒரு வாக்கியத்தை நான் சொல்லாமல் இருந்திருந்தால் அவர் இரண்டு வருடம் வீட்டிலேயே இருந்திருக்க மாட்டார். அன்றிலிருந்து எடை ஏறி வருகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது "வந்தது நல்லதாப் போச்சு" என்பதைத்தான். உங்களுக்கும் அதையே சொல்கிறேன். எழுதியது நல்லதாயிற்று, டீச்சர்.

இனி உங்கள் முதல் கேள்வி. தையல் பிரியவில்லை. ஸ்லீவில் வயிற்றை மடித்துக் கட்டி வைப்பதில்லை. வெட்டிய பகுதி உடம்பைவிட்டே போய்விட்டது. வெட்டிய விளிம்பை டைட்டானியம் பின்களால் அடைக்கிறோம். அது சில வாரங்களில் ஆறி ஒட்டிவிடும். ஆறு வருடம் கழித்துப் பிரிந்து பழைய வயிறு திரும்புவதற்கு வழியே இல்லை. மிஞ்சியிருக்கும் குழாய் போன்ற வயிறு வருடங்கள் போகப்போகக் கொஞ்சம் விரியும். எல்லோருக்குமே அப்படித்தான். சிலருக்கு முதல் ஆபரேஷனிலேயே மேல்பக்கம் ஒரு பை மாதிரிக் கொஞ்சம் விடுபட்டிருக்கலாம். அதை எண்டோஸ்கோபியிலும் பேரியம் குடித்து எடுக்கும் எக்ஸ்ரேயிலும் பார்த்துவிடலாம்.

ஆனால் எடை திரும்புவதற்கு வயிற்றின் கொள்ளளவு மட்டும் காரணமில்லை. நாம் வெட்டி எடுக்கும் மேல்பகுதிதான் கிரெலின் என்ற பசி ஹார்மோனின் முக்கிய ஊற்று. 1999-இல் ஜப்பானில் கண்டுபிடித்த ஹார்மோன் அது. ஆபரேஷன் முடிந்ததும் அது சடாரென்று விழும். முதல் ஒரு வருடம் "பசியே இல்லை டாக்டர், மணி பார்த்துத்தான் சாப்பிடுகிறேன்" என்று பலர் சொல்வது அதனால்தான். உங்களுக்கும் அப்படி இருந்திருக்கும். பிறகு மெல்லப் பசி திரும்புகிறது. அதே சமயம் கொழுப்பு குறைந்த உடம்பு அதைப் பஞ்ச காலம் என்று எடுத்துக்கொண்டு செலவைச் சுருக்குகிறது. அமெரிக்காவில் தொலைக்காட்சி எடைக் குறைப்புப் போட்டி ஒன்றில் கலந்துகொண்ட 14 பேரை ஆறு வருடம் கழித்துப் பரிசோதித்து 2016-இல் முடிவை வெளியிட்டார்கள். பெரும்பாலோருக்கு எடை நிறையத் திரும்பியிருந்தது. அப்போதும் அவர்கள் உடம்பு சும்மா இருக்கும்போது செலவழித்த சக்தி, அந்த உடம்புக்கு இருக்க வேண்டியதைவிட நாளொன்றுக்குச் சுமார் 500 கலோரி குறைவு. எட்டுப் பத்து இட்லியின் சக்தி அது. அவர்கள் ஆபரேஷன் செய்தவர்கள் இல்லை. உணவுக் கட்டுப்பாட்டாலும் கடும் உடற்பயிற்சியாலும் குறைந்தவர்கள். ஆபரேஷன் இந்த எதிர்ப்பைக் கணிசமாகத் தணிக்கிறது, ஆனால் அடியோடு எடுத்துவிடுவதில்லை. நாத்தனார் நாக்கு என்று சொன்னது இதைத்தான். மூளையும் குடலும் கொழுப்பும் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் இந்தப் பேச்சில் நாக்குக்கு இருக்கிற பங்கு ரொம்பச் சின்னது.

கொஞ்சம் திரும்புவது எடைக் குறைப்பு ஆபரேஷன்களின் இயல்பு என்பதற்கு நல்ல சான்று சுவீடனில் இருக்கிறது. 1987-இல் தொடங்கிய பெரிய ஆய்வு அது. எடைக்காக ஆபரேஷன் செய்துகொண்ட ஏறத்தாழ 2000 பேரையும், செய்துகொள்ளாத அதே அளவு ஆட்களையும் பல வருடம் பின்தொடர்ந்தார்கள். இரைப்பை பைபாஸ் (வயிற்றைச் சின்னப் பையாக்கிச் சிறுகுடலோடு இணைக்கும் இன்னொரு வகை எடைக் குறைப்பு ஆபரேஷன்) செய்தவர்களுக்கு முதல் ஓரிரு வருடத்தில் உடல் எடையில் 32 சதவீதம் குறைந்தது. பத்தாவது வருடத்தில் அது 25 சதவீதமாக நின்றது. அதாவது சராசரி ஆளுக்கே கொஞ்சம் திரும்பியிருக்கிறது. அப்படித் திரும்பிய பிறகும், ஆபரேஷன் செய்யாதவர்களைவிட ஆபரேஷன் செய்துகொண்டவர்களில் இறந்தவர்கள் குறைவு.

உங்கள் கணக்கைப் போடுவோம். 114-இல் 38 கிலோ இறங்கினீர்கள், 33 சதவீதம். இப்போது 91-இல் நிற்கிறீர்கள் என்றால் இன்னமும் 23 கிலோ, அதாவது 20 சதவீதம், கையில் இருக்கிறது. பைபாஸைவிட ஸ்லீவில் கொஞ்சம் அதிகமாகவே திரும்பும் என்று வைத்துக்கொண்டாலும் இறங்கியதில் 15 கிலோ ஏறியது எதிர்பார்ப்பதைவிடக் கூடுதல்தான். அதை உங்களிடம் மறைக்க மாட்டேன். கூடுதல் என்றால் காரணம் தேட வேண்டும். உங்கள் கடிதத்திலேயே நான்கைந்து காரணங்கள் தெரிகின்றன. இன்சுலின் தேவைப்படாமல் கழிந்த வருடங்களின் பலனோ உங்கள் கண்ணுக்கும் சிறுநீரகத்துக்கும் ஏற்கெனவே கிடைத்துவிட்டது. நகை வீணாகவில்லை.

சாப்பாட்டுக்கு வருகிறேன். இதில்தான் நான் உங்களோடு நிறைய நேரம் உட்கார விரும்புகிறேன். நீங்கள் குறைவாகத்தான் சாப்பிடுகிறேன் என்று எழுதியதை நான் அப்படியே நம்புகிறேன். சிக்கல் அளவில் இல்லை, குழைவில் இருக்கிறது.

ஆபரேஷன் முடிந்ததும் முதலில் நீராகாரம், பிறகு மசித்தது, பிறகு குழைத்தது என்று சொல்லி அனுப்புகிறோம். ஒரு மாதம், ஒன்றரை மாதத்துக்கான விதி அது. வீட்டிலோ அது நிரந்தர விதியாகிவிடுகிறது. "வயித்துல ஆபரேஷன் பண்ணின உடம்பு, குழைச்சுப் போடு" என்று அம்மாவோ மாமியாரோ ரசம் சாதமும் தயிர் சாதமும் பிசைந்து தருகிறார்கள். பாசம்தான். ஆனால் ஸ்லீவ் வயிறு கெட்டியான சாப்பாட்டைத்தான் நிறுத்தி வைக்கும். ஒரு துண்டு மீன், ஒரு முட்டை, கொஞ்சம் சுண்டல் உள்ளே போனால் அங்கே தங்கும். போதும் என்ற உணர்வு வந்து மூன்று நான்கு மணி நேரம் நீடிக்கும். குழைத்த சாதமும் டீயில் நனைத்த பிஸ்கட்டும் பாலில் ஊறிய ரஸ்க்கும் வழுக்கிக்கொண்டு கீழே போய்விடும். மிக்சர், முறுக்கு மொறுமொறுவென்று இருந்தாலும் வாயிலேயே மாவாகிவிடுவதால் அதே கதைதான். வயிறு நிறைவதே இல்லை, ஒன்றரை மணி நேரத்தில் மறுபடியும் பசி. அந்தப் பசிக்கு மறுபடியும் ஒரு டீ.

உங்கள் ஒரு நாளின் புரதத்தைக் கூட்டிப் பார்த்தேன். இரண்டு இட்லியில் நாலு கிராம், ஒரு கிண்ணம் சாம்பார் சாதத்தில் ஐந்து, ஒரு டம்ளர் பாலில் ஆறரை, டீ, பிஸ்கட், மிக்சர் எல்லாம் சேர்ந்து இன்னொரு எட்டு. முப்பதைத் தொடவில்லை. ஸ்லீவ் செய்தவருக்குக் குறைந்தது 60 கிராம் வேண்டும், 80 வரை போகலாம். புரதம் குறைந்தால் உடம்பு தசையை அரிக்கும்; தசை குறையக் குறைய உடம்பின் செலவும் குறையும். கொஞ்சமாகச் சாப்பிட்டும் எடை ஏறுவது இப்படித்தான்.

கிரியாட்டினின் சரியாக இருந்தால் இப்படி மாற்றிப் பாருங்கள். காலையில் இரண்டு இட்லிக்குப் பதில் ஒரு இட்லியும் இரண்டு முட்டையும். முட்டை வேண்டாத நாளில் பாசிப்பயறு அடை. அந்த இரண்டு முட்டையே 12 கிராம். பள்ளி இடைவேளையில் பிஸ்கட் இருக்கிற இடத்தில் ஒரு சின்ன டப்பா சுண்டல். டீ குடிக்க ஆசையாக இருந்தால் சர்க்கரை இல்லாமல், சுண்டலுக்கு அரை மணி நேரம் தள்ளி. மதியம்தான் முக்கியம்: தட்டில் முதலில் மீனோ முட்டையோ பனீரோ கெட்டிப் பருப்போ, அதை முடித்த பிறகு காய், கடைசியில் இடமிருந்தால் சாதம். சாதத்தைக் குழைக்க வேண்டாம். கோழி நிற்கிறதென்றால் மீனைச் சாப்பிட்டுப் பாருங்கள், அதன் நார் மென்மையானது. 100 கிராம் மீனில் சுமார் 20 கிராம் புரதம் கிடைத்துவிடும். சைவ நாளில் 30 கிராம் மீல்மேக்கரை ஊறவைத்துப் பிழிந்து பொடியாக நறுக்கிப் பொரியலில் போட்டால் 15 கிராம். சாயங்காலம் அவித்த கடலை ஒரு கை. ராத்திரி ரஸ்க்குக்குப் பதில் கெட்டித் தயிர். சாப்பாட்டோடு தண்ணீரோ ரசமோ மோரோ குடிக்காதீர்கள். சாப்பிட்டு அரை மணி கழித்துக் குடியுங்கள். நம் சாப்பாட்டில் ரசத்தையும் மோரையும் ஊற்றித்தான் முடிக்க வேண்டும் என்ற பழக்கம் இந்த வயிற்றுக்குக் கொஞ்சம் பகை.

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்ற வேண்டாம். மதியத் தட்டின் வரிசையை மட்டும் முதல் இரண்டு வாரம் மாற்றுங்கள். பசி வரும் நேரம் தள்ளிப்போவதை நீங்களே கவனிப்பீர்கள்.

ஆனால் இந்த மாற்றத்துக்கு ஒரு முன்நிபந்தனை உண்டு. சப்பாத்தியும் கோழியும் ஏன் நிற்கின்றன என்று முதலில் பார்த்தாக வேண்டும். வேகமாக விழுங்குவதாலும் நிற்கலாம். பள்ளி மதிய இடைவேளையில் நிதானமாக மென்று சாப்பிட எந்த டீச்சருக்கு நேரம் கிடைக்கிறது? ஆனால் ஸ்லீவ் குழாயின் நடுவில் சுருக்கமோ முறுக்கோ இருந்தாலும், வயிற்றின் மேல்பகுதி உதரவிதானத்தைத் தாண்டி நெஞ்சுக்குள் ஏறியிருந்தாலும் இதே தொந்தரவு வரும். உங்களுக்குப் புளித்து மேலே வருவதும் சேர்ந்திருக்கிறது. இந்த ஆபரேஷனின் தெரிந்த பக்கவிளைவு அது. குழாய் வயிற்றில் அழுத்தம் அதிகம், அமிலம் மேலே தள்ளப்படும். மாத்திரை எரிச்சலை அடக்கினாலும் உணவுக்குழாயின் உள்தோலில் என்ன நடக்கிறது என்பதை எண்டோஸ்கோபிதான் காட்டும். வருடக்கணக்காக அமிலம் பட்டால் அந்தத் தோல் வேறு விதமாக மாறக்கூடும், அந்த மாற்றத்தைக் கண்காணிக்க வேண்டும். ஆறு வருடத்தில் உங்களுக்கு எண்டோஸ்கோபி பார்த்ததாக எழுதவில்லை. அடுத்த மாதத்துக்குள் பார்த்துவிடுங்கள். கெட்டியான சாப்பாடு நிற்கிறது என்ற பயத்தில்தான் நீங்கள் ரஸ்க்குக்கும் குழைத்த சாதத்துக்கும் போயிருக்கிறீர்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. அப்படியென்றால் எடை ஏற்றத்தின் வேர் அந்த அடைப்பில் இருக்கிறது. உங்கள் கட்டுப்பாட்டைக் குறை சொல்ல அங்கே இடமில்லை.

மருந்துகளையும் ஒரு பார்வை பார்க்க வேண்டும். கிளிமிபிரைடு எடையை ஏற்றக்கூடிய மாத்திரை. பசியையும் கிளப்பும். சர்க்கரை கீழே இறங்கும்போது கை நடுங்கி எதையாவது வாயில் போட்டுக்கொள்ளத் தோன்றுகிறதா என்று கவனியுங்கள். எடையை ஏற்றாத, சிலருக்குக் குறைக்கவும் செய்கிற மாற்று மருந்துகள் இப்போது இருக்கின்றன. நீங்களாக நிறுத்தாதீர்கள், உங்கள் சர்க்கரை மருத்துவரிடம் இதைக் கேளுங்கள். தலைவலிக்கோ தூக்கத்துக்கோ நரம்புக்கோ இரவு மாத்திரை ஏதும் போட்டால் அதன் சீட்டையும் கொண்டுபோங்கள். அவற்றில் சிலவும் எடை ஏற்றும். 44 வயதில் மாதவிலக்கு மாறத் தொடங்கியிருந்தால் அதுவும் ஒரு கை கொடுத்திருக்கும். குறட்டை விடுகிறீர்களா என்று வீட்டில் கேட்டு, அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

அம்மா போனதை நீங்கள் ஒரே வரியில் கடந்துவிட்டீர்கள். எடை ஏறத் தொடங்கிய தேதியையும் அந்த வரியிலேயே எழுதியிருக்கிறீர்கள். ராத்திரி பாலும் ரஸ்க்கும் அப்போது வந்ததா? பரீட்சைத் தாள் திருத்தி முடித்து, வீடு அடங்கியபின், யாருமில்லாத சமையலறையில் சாப்பிடுவதா? பசிக்காமல், நிறுத்த முடியாமல் சாப்பிடும் இரவுகள் இருக்கின்றன என்றால் அதை மருத்துவரிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள். அதற்கு மனநல ஆலோசனையில் நல்ல சிகிச்சை இருக்கிறது. துக்கத்தில் சாப்பாட்டைத் தேடுவது மனித இயல்பு. அதை உணவுக் கட்டுப்பாட்டால் மட்டும் சரிசெய்யப் பார்த்தால் முடியாது.

உடற்பயிற்சி பற்றிச் சுருக்கமாக: நடை நல்லது, ஆனால் உங்களுக்கு இப்போது தசைதான் வேண்டும். நாற்காலியில் கையூன்றாமல் பத்து முறை உட்கார்ந்து எழுவதை நாளுக்கு மூன்று தடவை செய்யுங்கள். ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் இரண்டைக் கையில் தூக்கி இறக்குங்கள். கால் மரத்திருக்கும்வரை வெறுங்காலோடு நடக்காதீர்கள்.

இனி ஊசி. டிர்செபடைட் 2025 மார்ச்சிலும், எடைக்கான செமாகுளுடைட் ஊசி அதே வருடம் ஜூனிலும் இந்தியாவில் விற்பனைக்கு வந்தன. இவை பசியையும் மூளையின் உணவு நினைப்பையும் குறைப்பவை, நல்ல மருந்துகள். ஆபரேஷன் செய்தும் போதிய அளவு எடை குறையாதவர்களுக்கு இதே குடும்பத்தைச் சேர்ந்த லிராகுளுடைடைக் கொடுத்து லண்டனில் 70 பேரிடம் சோதித்தார்கள். முடிவு 2023-இல் வந்தது. 24 வாரத்தில் மருந்து போட்டவர்களுக்கு 8.8 சதவீதம் குறைந்தது. ஒப்பிடுவதற்காக மருந்தில்லாத வெற்று ஊசி போட்டவர்களுக்கு அரை சதவீதம். ஆகவே உங்களைப் போன்றவர்களுக்கு ஊசி ஒரு நியாயமான வழிதான். சர்க்கரையும் இருப்பதால் இரட்டைப் பலன்.

ஆனால் மருந்துக்கடைக்காரரிடமிருந்து வேண்டவே வேண்டாம். கிளிமிபிரைடோடு இதைச் சேர்த்தால் சர்க்கரை திடீரென்று இறங்கலாம். முதலில் அந்த மாத்திரையைக் குறைக்க வேண்டும். கண்ணின் விழித்திரையைப் பார்த்திருக்க வேண்டும். கணையத்தில் வீக்கம் வந்திருக்கிறதா, குடும்பத்தில் யாருக்காவது மெடுல்லரி வகை தைராய்டு புற்றுநோய் இருந்ததா என்று கேட்க வேண்டும். முப்பது கிராம் புரதத்தைக்கூடத் தொடாத உங்களுக்குப் பசியை இன்னும் அடக்கினால் அதுவும் குறைந்துவிடும்; எடையோடு தசையும் போகும். பி12-உம் புரதமும் சரியாகாமல் ஊசி தொடங்குவதை நான் ஒப்ப மாட்டேன். சாப்பாடு நிற்கிற காரணம் தெரியாமலும் தொடங்கக் கூடாது, ஏனென்றால் இந்த ஊசியே வாந்தியைக் கிளப்பும். ஆபரேஷன் செய்தவருக்குத் தொடர்ந்து வாந்தி வந்தால் சில வாரங்களிலேயே தயமின் என்ற பி1 தீர்ந்துபோகும். பார்வை இரட்டையாகி, நடை தடுமாறி, பேச்சு குழம்பினால் அன்றே மருத்துவமனைக்கு ஓட வேண்டும். குளுக்கோஸ் ஏற்றும் முன் தயமின் போடச் சொல்லி நினைவூட்ட வேண்டும். செலவும் இருக்கிறது. செமாகுளுடைடை நிறுத்தியவர்களைப் பின்தொடர்ந்தபோது, ஒரு வருடத்துக்குள் குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பியிருந்தது. மாதாமாதம் பல வருடம் வாங்கக் கட்டுப்படியாகுமா என்று முதலிலேயே கணக்குப் பார்த்துவிடுங்கள். இதற்காக மறுபடியும் நகையை எடுக்காதீர்கள்.

இரண்டாவது ஆபரேஷனைப் பொறுத்தவரை, எண்டோஸ்கோபி முடிவு வரும்வரை நான் பதில் சொல்லக் கூடாது. எடைக்காக மட்டும் என்றால் மருந்தும் உணவும் முதலில். ஆனால் உணவுக்குழாய் புண்ணாகியிருந்தாலோ, வயிறு நெஞ்சுக்குள் ஏறியிருந்தாலோ, குழாய் சுருங்கியிருந்தாலோ, ஸ்லீவை பைபாஸாக மாற்றுவது எரிச்சலுக்கும் எடைக்கும் சேர்ந்து உதவும். அந்த நிலையில் நானே அதைப் பரிந்துரைப்பேன். யாராவது அதே ஸ்லீவை இன்னும் இறுக்கித் தருகிறேன் என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் புளிப்பு அதனால் அதிகமாகும். இரண்டாவது ஆபரேஷனில் கசிவு போன்ற அபாயங்கள் முதலாவதைவிட அதிகம். முதல்முறை இறங்கிய அளவுக்கு எடையும் இறங்காது. இதைத் தெரிந்துகொண்டு முடிவெடுக்க வேண்டும்.

வைட்டமின் மாத்திரைகளை ரத்தம் கொடுத்த கையோடு திரும்பத் தொடங்கலாம். இரும்பு மாத்திரையைக் கால்சியத்திலிருந்து இரண்டு மணி நேரமாவது தள்ளிப் போடுங்கள். டீயோடு விழுங்காதீர்கள், டீ இரும்பைச் சேரவிடாது. கால்சியத்தில் சிட்ரேட் வகையாகக் கேட்டு வாங்குங்கள், அமிலம் குறைந்த வயிற்றில் அதுதான் நன்றாகச் சேரும். இவை ஆயுள் முழுக்கத் தொடர வேண்டியவை. உங்களிடம் அப்போது யாராவது "ஒரு வருடம் போடுங்கள்" என்று சொல்லியிருந்தால் அது அவர்கள் தவறு.

கடைசியாக, எந்த மருத்துவர் என்பது. உங்கள் பழைய மருத்துவரிடமே போக முடிந்தால் நல்லது, உள்ளே என்ன செய்தார் என்பது அவருக்குத் தெரியும். அவர் கோபித்துக்கொள்வார் என்ற பயம் மூன்று வருடத்தை எடுத்துக்கொண்டது. நான்காவது வருடத்தை அதற்குக் கொடுக்க வேண்டாம். வாய் வரவில்லையென்றால் எனக்கு எழுதியதையே ஒரு தாளில் எழுதி மேசைமேல் வையுங்கள். அவர் கடிந்துகொண்டால் வேறு மருத்துவரிடம் போக உங்களுக்கு முழு உரிமை உண்டு. எங்கே போனாலும் 2020-இன் டிஸ்சார்ஜ் சம்மரியும் ஆபரேஷன் குறிப்பும் கையில் இருக்கட்டும்; காணவில்லையென்றால் அந்த மருத்துவமனையில் எழுதிக் கேட்டு நகல் வாங்குங்கள். இப்போது போடும் எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். கணவரைக் கூட்டிப் போங்கள். மருத்துவர் சொல்வதை அவர் நேரில் கேட்டால், அடுத்த கல்யாண வீட்டில் நாத்தனாருக்குப் பதில் சொல்லும் வேலையை அவரே பார்த்துக்கொள்வார்.

ரத்தப் பரிசோதனைக்கு வெறும் வயிற்றில் போவது நல்லது. ராத்திரிச் சாப்பாட்டை எட்டு மணிக்குள் முடித்துவிட்டு, காலை ஏழரைக்குப் பள்ளிக்குக் கிளம்பும் வழியில் கொடுத்துவிடலாம். சர்க்கரை மாத்திரையை ரத்தம் கொடுத்து, சாப்பிட்ட பிறகு போடுங்கள். பி12 முடிவு குறைவாக வந்தால் ரிவ்யூ தேதி வரும்வரை காத்திருக்க வேண்டாம். பக்கத்திலிருக்கும் மருத்துவரிடம் காட்டி அன்றே முதல் ஊசியைப் போட்டுக்கொள்ளுங்கள்.